சில்வர்டவுன் ஃபயர் ஸ்டேசனை மூடப் போகினமாம், ஆருக்கும் முழு விபரம் தெரியுமோ?

சில்வர்டவுன்_சுதா | 28 மே 2013, இரவு 9.42

எல்லாருக்கும் வணக்கம், கனநாளைக்குப் பிறகு எழுதுறன். இண்டைக்கு வேலையால வர கதவுக்குக் கீழ ஒரு துண்டு கிடந்தது. ஏதோ கட்சிக்காரற்ற நோட்டீஸ் எண்டு எறியப் பாத்தன், மூத்தவன்தான் எடுத்து வாசிச்சவன். லண்டன் முழுக்க 12 ஃபயர் ஸ்டேசன் மூடுறதாம், 18 வண்டி குறையுமாம், 520 பேற்ற வேலை இல்லாமல் போகுமாம். எங்கட பக்கம் சில்வர்டவுனும் போவும், ஆத்துக்கு அங்கால வூலிச், நியூ குரொஸ், டவுனம். கிளார்க்கன்வெல், வெஸ்ட்மினிஸ்டர், நைட்ஸ்பிறிட்ஜ் எண்டு பெரிய இடங்களும் லிஸ்டில இருக்கு. ஜூன் 17 வரைக்கும் சனத்தின்ர கருத்துக் கேக்கினமாம். நான் ரெண்டு பிள்ளையளோட நாலாம் மாடியில இருக்கிறன், ஸ்டேசன் நடந்து போற தூரம், இரவில வண்டி வெளிக்கிடுற சத்தம் கேட்டாத்தான் இளையவன் நித்திரையே கொள்ளுவான் எண்ட மாதிரிப் பழகிட்டம். உண்மையா மூடுவினமோ இல்லாட்டி சும்மா வெருட்டோ?

கார்த்தி_ஈஸ்ட்ஹாம் | 28 மே, இரவு 10.15

வெருட்டு எல்லாம் இல்லக்கா, நெசம்தான். ரெண்டு வருஷத்துல 4.5 கோடி பவுண்ட் மிச்சம் புடிக்கணும்னு கணக்கு, அதுக்குப் போட்ட திட்டத்துக்கு பேரு ஐந்தாவது லண்டன் பாதுகாப்புத் திட்டம், பேர்லயாச்சும் பாதுகாப்பு இருக்கே. கூத்து என்னன்னா ஸ்டேஷன் மூடுற இந்தத் திட்டமே வேணாம்னு ஜனவரில ஃபயர் அத்தாரிட்டில ஓட்டு போட்டு தள்ளிட்டாங்க. மேயர் போரிஸ் ஜான்சன் எனக்கு அதிகாரம் இருக்குன்னு உத்தரவு போட்டு அதையே திரும்ப கொண்டு வந்து உக்கார வச்சுட்டாரு. இப்ப நடக்குற கருத்துக்கேட்பு அந்த உத்தரவால நடக்குறது. அதனால நாம என்ன எழுதுனாலும் மேல ஒருத்தர் முடிவு பண்ணிட்டு தான் கேக்குறாருன்னு நெனச்சுக்கிட்டு எழுதுங்க, ஆனா எழுதுங்க.

கணக்கன் | 28 மே, இரவு 11.03

ஆத்திரப்படாமல் ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ. நான் இந்த நாட்டுக்கு வந்து 26 வருசம். வந்த காலத்தில கிழமைக்கு ஒருக்கா எண்டாலும் தெருவில எங்கையோ ஒரு வீடு எரிஞ்ச கதை கேக்கலாம். வெள்ளைக்காரர் தாச்சி நிறைய எண்ணெய் விட்டு சிப்ஸ் பொரிக்கிறவை, குடிச்சிட்டு வந்து அடுப்பைப் போட்டிட்டு நித்திரையாப் போறவை. சோபாவுக்குள்ள இருக்கிற பஞ்சு பத்தினா ரெண்டு நிமிசத்தில அறை முழுக்க நஞ்சுப் புகை. 1988இல சட்டம் கொண்டு வந்து சோபா மெத்தை எல்லாத்தையும் லேசில நெருப்புப் பிடிக்காத மாதிரி செய்விச்சினம். இப்ப சிப்ஸ் ஓவனுக்குள்ள, சிகரெட் வெளியில, வீட்டுக்கு வீடு ஸ்மோக் அலாரம். பத்து வருசத்தில நெருப்புச் சம்பவம் நல்லாக் குறைஞ்சிட்டுது, ஸ்டேசன் மட்டும் அப்பிடியே 112 நிக்கவேணுமோ? முதல் வண்டி 6 நிமிசம், ரெண்டாவது வண்டி 8 நிமிசம் எண்ட இலக்கை மாத்தேல்லை எண்டு அவையளே எழுதியிருக்கினம். எங்கட நியூஹாம் கவுன்சில் பகுதியில ஈஸ்ட்ஹாம், பிளேஸ்டோ, ஸ்ட்ராட்ஃபோட் இருக்குத்தானே, அதில பிளேஸ்டோவுக்கு புதுக் கட்டடமும் வருது. எங்கட வீட்டில ஆக்கள் குறைஞ்சா நாங்களும் ஒரு சுண்டு அரிசி குறைச்சுத்தானே போடுறம்.

லூசியம்_அக்கா | 29 மே, காலை 7.20

கணக்கன் அண்ணை, அரிசிக் கணக்கு உங்கட வீட்டுக்குச் சரி. எங்கட லூசியத்தைப் பாருங்கோ, ஒரே பரோவில, அதாவது ஒரே கவுன்சில் பகுதியில, டவுனமும் நியூ குரொஸும் ரெண்டும் லிஸ்டில. இந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில அவசரப் பிரிவைக் குறைக்கப் போறம் எண்டினம், அதுக்கு ஜனவரிக் குளிருக்குள்ள தள்ளுவண்டியில பிள்ளையையும் வச்சுக்கொண்டு ஊர்வலம் போனனாங்கள். நெருப்பு எரிஞ்சா அணைக்க வர நேரமாகும், எரிஞ்சவரைக் கொண்டுபோக இன்னும் தூரம் போகவேணும். ரெண்டையும் ரெண்டு கந்தோர் தனித்தனியா வெட்டினம், ரெண்டும் ஒரே வீட்டில வந்து விழும் எண்டு ஆரும் கூட்டிப் பாக்கேல்லை.

அந்த 6 நிமிசம் சராசரி அண்ணை. கலியாணப் பந்தியில ஆளுக்கு சராசரி ரெண்டு வடை எண்டுதான் ஐயரும் சொல்லுவார், கடைசி வாங்கில இருக்கிறவனுக்கு வாழையிலை மட்டும்தான் வரும்.

நைட்ஷிப்ட்_நவம் | 29 மே, காலை 7.41

வடை உதாரணம் நூற்றுக்கு நூறு. நான் எப்பவும் கடைசி வாங்கு.

சில்வர்டவுன்_சுதா | 29 மே, இரவு 8.55

ஓம், அதுதான் என்ர பயமும். ஈஸ்ட்ஹாமில இருக்கிற ஆக்களுக்கு இந்த இடம் விளங்காது. ஒரு பக்கம் தேம்ஸ், மற்றப் பக்கம் றோயல் டொக்ஸ் தண்ணி, நடுவில நாங்கள். வெளியில இருந்து வாறதெண்டா சில்வர்டவுன் வே, இல்லாட்டி விமானநிலையத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற பாலங்கள், வேற வழியில்லை. எக்ஸலில கண்காட்சி முடியிற நேரம் பஸ்ஸே ஊருது. இப்ப இஞ்சை காணுற இடமெல்லாம் கிரேன், ஆயிரக்கணக்கில வீடு கட்டப் போகினம், போன வருசம் ஆத்துக்கு மேலால கேபிள் காரும் விட்டிட்டினம். சனம் கூடுற இடத்தில ஸ்டேசனைக் குறைக்கிறது என்ன கணக்கோ.

தேம்ஸ்_மாமா | 30 மே, மத்தியானம் 1.10

பிள்ளை, உங்கட இடத்துக்கு ஒரு கதை இருக்கு, தெரியுமோ தெரியாது. நான் 84இல வந்து சீனித் தொழிற்சாலையில மூட்டை தூக்கினனான், கூட வேலை செய்த கிழவன்மார் சொல்லுறவை, பிறகு நான் வாசிச்சும் பாத்தனான். முதலாம் உலக யுத்தத்தில, 1917 ஜனவரி 19, பின்னேரம் ஏழு மணியாகேக்க, சில்வர்டவுனில டிஎன்டி வெடிமருந்து செய்த தொழிற்சாலையில நெருப்புப் பிடிச்சது. ஃபயர் ஸ்டேசன் அதுக்கு நேரெதிரில. அவங்கள் நெருப்பைக் கண்டு குழாயோட ஓட, ஏறக்குறைய 50 தொன் மருந்து ஒரேயடியா வெடிச்சது. 73 பேர் செத்தவை, அதில ரெண்டு பேர் அந்த ஸ்டேசன்காரர். ஸ்டேசனும் தரைமட்டம். அதுக்குப் பிறகும் இந்தப் பகுதிக்கு ஸ்டேசன் வேணும் எண்டு திருப்பிக் கட்டினவங்கள். வெள்ளைக்காரன் வெடிச்சதுக்கே கைவிடாத இடத்தை இப்ப வரவு செலவுக்குக் கைவிடுறான்.

கணக்கன் | 30 மே, இரவு 9.30

மாமா, மரியாதையோட சொல்லுறன், இப்ப அங்க டிஎன்டி செய்யேல்லை. நூறு வருசத்துக்கு முந்தி குதிரை இழுக்கிற காலத்தில போட்ட இடங்கள் கனக்க இருக்கு. கிளார்க்கன்வெல் ஸ்டேசன் 1872இல திறந்தது. அந்தக் காலத்து வரைபடத்துக்குள்ளயே இண்டைக்கும் நிக்கவேணும் எண்டு எங்க எழுதியிருக்கு? ஆரும் ஒரு ஸ்டேசனை எங்க வைக்கிறது எண்டு வெறுந்தாளில இருந்து தொடங்கினா இப்பிடி ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டு வைப்பினமோ?

கார்த்தி_ஈஸ்ட்ஹாம் | 30 மே, இரவு 10.02

வெறுந்தாள்ல இருந்து ஆரம்பிச்சா சரிண்ணே, ஒத்துக்கறேன், ஆனா இவங்க ஆரம்பிச்சது பணத்துல இருந்து. 4.5 கோடின்னு மொதல்ல எழுதிட்டு அப்புறம் மேப்ப விரிச்சாங்க. அதே நேரத்துல இந்த வருஷம் கவுன்சில் டாக்ஸ்ல மேயர் பங்க கொறச்சாரே, எவ்ளோன்னு பாத்தீங்களா? பேண்ட் டின்னு சொல்ற நடுத்தர வரி வகுப்பு வீட்டுக்கு வருஷத்துக்கு 3 பவுண்ட் 72 பென்ஸ். அதாவது வாரத்துக்கு 7 பென்ஸ். என் வீட்டுக்கு அந்த 7 பென்ஸ் வேணாம், ஸ்டேஷன வச்சுக்கங்கன்னு சொல்ல அந்த ஃபார்ம்ல எடமே இல்ல.

இன்னொன்னு, நான் இருக்குறது 11வது மாடி. கேம்பர்வெல்ல லக்கனால் ஹவுஸ் எரிஞ்சது ஞாபகம் இருக்கா, 2009 ஜூலை, 6 பேர் செத்தாங்க, அதுல மூணு பேர் கொழந்தைங்க. வெளிய வராதீங்க, உள்ளயே இருங்கன்னு போன்ல சொன்னதக் கேட்டு இருந்தவங்க. அந்த விசாரணை தீர்ப்பு இந்த மார்ச்ல தான் வந்துச்சு. அத படிச்சதுல இருந்து லிஃப்ட் ஏறும்போது எல்லாம் மாடி எண்ணுறேன். மாடி வீடுன்னா ஒரு வண்டி ரெண்டு வண்டி கதை இல்ல, ஒண்ணு பின்னாடி ஒண்ணா வந்துக்கிட்டே இருக்கணும்.

நைட்ஷிப்ட்_நவம் | 31 மே, அதிகாலை 3.25

இன்னொரு பகிடி சொல்லட்டோ, இந்த சிவப்பு வண்டியள் லண்டன் ஃபயர் பிரிகேட்டின்ர (தீயணைப்புப் படையின்ர) சொந்தமில்லை. ஒரு தனியார் கம்பனியின்ர. போன வருசம் அந்தக் கம்பனி கைமாறினது 2 பவுணுக்கு. ரெண்டு. கடன் சுமையோடதான் எண்டாலும் லண்டன் முழுக்க இருக்கிற ஃபயர் வண்டியின்ர கம்பனியை என்ர பெற்றோல் ஸ்டேசனில ஒரு கோப்பி காசுக்கு வாங்கலாமெண்டா நான் ரெண்டு வாங்கியிருப்பன்.

லூசியம்_அக்கா | 1 ஜூன், மத்தியானம் 2.48

ஆருக்கும் முந்திச் சொல்லாத கதை ஒண்டு எழுதுறன், வாசிச்சிட்டு ஏசக்கூடாது.

மூண்டு வருசத்துக்கு முந்தி தீபாவளிக்கு முதல்நாள் பின்னேரம். தாச்சியில எண்ணெய் விட்டு வடைக்குக் கொதிக்க வச்சிருக்கிறன், ஊரில இருந்து அம்மா எடுத்திட்டா. கோல் கார்ட் முடியப் போகுது எண்டு நானும் முன்னறைக்குப் போய் கதைச்சுக்கொண்டு நிண்டிட்டன். மணம் வந்து ஓடிப்போய்ப் பாக்க தாச்சி எரியுது, சுவாலை மேல புகைபோக்கிப் பெட்டிவரைக்கும். இவர் பாய்ஞ்சு வந்து ஒரு சட்டி தண்ணியைத் தூக்கி ஊத்தினார் பாருங்கோ, ஊத்தக்கூடாது எண்டு பிறகுதான் தெரியும், பொங்கி வெடிச்ச மாதிரி குசினி முழுக்க நெருப்பு. திரை பிடிச்சிட்டுது, இவற்ற கை வெந்திட்டுது. 999 அடிச்சன், விலாசம் சொல்ல வாய் வரேல்லை, போஸ்ட்கோட்டை மட்டும் மூண்டு தரம் சொன்னன்.

முதல் வண்டி எவ்வளவு நேரத்தில வந்தது எண்டு எனக்குத் தெரியாது, ஒரு யுகம் மாதிரிக் கிடந்தது, பிறகு கேக்க அஞ்சு நிமிசம்தான் எண்டினம். அஞ்சு பேர் இறங்கினவை. ரெண்டு பேர் சிலிண்டரும் முகமூடியும் போட்டு, உடுப்பில கொழுவியிருந்த மஞ்சள் தகட்டைக் கழட்டி ஒருத்தரிட்டக் குடுத்திட்டு உள்ள போனவை. அவர் அதை ஒரு பலகையில செருகி, பக்கத்தில நேரம் எழுதிக்கொண்டு, அந்த இடத்தை விட்டு அசையேல்லை. ஆர் உள்ள போனது, எத்தினை மணிக்குப் போனது, காற்று எவ்வளவு மிச்சம் எண்டு பாக்கிறதுதான் அவற்ற வேலை. ஒருத்தர் பம்பில. மற்றவர் றேடியோவில. அவ்வளவுதான், ஆள் முடிஞ்சுது.

அப்பதான் மேல்மாடியில இருக்கிற போலிஷ் பெட்டை யன்னலால கத்திறாள், கையில குழந்தை, படிக்கட்டு முழுக்கக் கறுப்புப் புகை. மேல போக ஆள் இல்லை. றேடியோக்காரர் ஏணியை இழுக்கத் தொடங்கினார், தனிய, அந்த நேரம் ரெண்டாவது வண்டி வந்து நிண்டுது. இறங்கின உடனை நாலு பேர் ஏணியைத் தூக்கி சுவரில சாத்தி ஒருத்தர் ஏறிப் பிள்ளையை வாங்கினார். ஒண்டும் ஆகேல்லை, பிள்ளை இருமிச்சுது, அவ்வளவுதான்.

ரெண்டாவது வண்டிக்கு 8 நிமிசம் எண்டு தாளில வாசிக்கேக்க எனக்கு அந்த ஏணிதான் தெரியுது. கணக்கில அது ஒரு இலக்கம். அந்த மனிசன் ஒரு கையால ஏணியை இழுத்துக்கொண்டு மற்றக் கையால அந்தப் பெட்டையை நில் நில் எண்டு காட்டினது ரெண்டு நிமிசம் இருக்கும்.

கணக்கன் | 1 ஜூன், மாலை 5.15

தங்கச்சி, வாசிச்சன். கடவுள் காப்பாத்தினார். ஒண்டு கேக்கிறன், குறை நினையாதேங்கோ. உங்கட ஸ்மோக் அலாரம் அடிக்கேல்லையோ? முன்னறையில நிண்டாலும் கேட்டிருக்குமே.

லூசியம்_அக்கா | 1 ஜூன், மாலை 6.30

இதைத்தான் பயந்தனான். அலாரத்துக்கு பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது அண்ணை. தாளிக்கேக்க, மிளகாய் வறுக்கேக்க ஒவ்வொருநாளும் கத்துது எண்டு இவர்தான் ரப்பர் பாண்ட் போட்டுக் கட்டினவர். நெருப்பில அந்தப் பை உருகி அலாரத்தோட ஒட்டிப் போய்க் கிடந்தது, பிரிகேட்காரர் அதைக் கையில எடுத்துப் பாத்திட்டு ஒண்டும் சொல்லேல்லை. ஏசியிருந்தாலும் பரவாயில்லை.

நைட்ஷிப்ட்_நவம் | 2 ஜூன், அதிகாலை 2.10

எங்கட ஆக்களின்ர வீட்டில பாதி அலாரம் பைக்குள்ளதான் இருக்கு, உண்மையைச் சொன்னா. குளிக்கேக்க தலைக்குப் போடுற தொப்பி போட்ட வீடும் கண்டனான். அதைவிட மோசம் ஈஸ்ட்ஹாமில பின்வளவுக் கொட்டிலுகள். ஒரு கொட்டிலுக்குள்ள நாலு பெடியள், ஒரு கீற்றர், ஒரு மின்சார அடுப்பு, எல்லாம் ஒரே எக்ஸ்டென்சன் வயரில. இந்த ஜனவரியில இருந்து நியூஹாமில வீட்டுக்காரர் எல்லாரும் லைசன்ஸ் எடுக்கவேணும் எண்டு சட்டம் வந்திருக்கு, அதைக் கொட்டில்வரைக்கும் போய் ஆர் பாக்கிறது எண்டதுதான் தெரியேல்லை.

கணக்கன் | 2 ஜூன், காலை 10.40

இதைத்தான் நான் சொல்ல வந்தது, சொல்லத் தெரியாமல் அரிசிக் கதை சொல்லிட்டன். ஆக்கள் சாகிறது அநேகமா வண்டி வெளிக்கிட முந்தி. அலாரம் அடிச்சா எழும்பி ஓடலாம், ஸ்டேசன் பக்கத்துத் தெருவில இருந்தாலும் அலாரம் இல்லாட்டி ஆர் 999 அடிக்கிறது? பிரிகேட்காரர் வீட்டுக்கு வந்து சும்மா அலாரம் பூட்டித் தருவினம், காசில்லை. ஆனா தங்கச்சியின்ர ஏணிக் கதைக்கு என்னட்ட மறுமொழி இல்லை, அதையும் சொல்லத்தானே வேணும்.

கார்த்தி_ஈஸ்ட்ஹாம் | 2 ஜூன், காலை 11.05

அண்ணே, அலாரம் மாட்ட வீட்டுக்கு வர்றது யாரு? அதே ஸ்டேஷன் ஆளுங்க தானே. ஸ்டேஷன மூடிட்டா அந்த ஏரியாவுல கதவ தட்டி அலாரம் மாட்ட யாரு வருவா? இத நான் ஃபார்ம்ல எழுதிட்டேன். லூசியம் அக்கா, நீங்க இங்க எழுதுனத அப்படியே இங்கிலீஷ்ல எழுதி அனுப்புங்க, நான் வேணா மாத்தித் தரேன், பை விஷயத்த வேணா விட்டுடலாம்.

லூசியம்_அக்கா | 2 ஜூன், மத்தியானம் 12.20

பையையும் எழுதும் தம்பி. விட்டா பிறகு கதை பாதி.

மட்டுறுத்துநர் | 9 ஜூன், மாலை 4.00

கட்சி நோட்டீஸ் ஒட்டிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. போரிஸின் தலைமுடி பற்றிய பதிவுகளும் நீக்கப்பட்டன (ஆறு). தலைப்பில் நில்லுங்கள்.

சில்வர்டவுன்_சுதா | 13 ஜூன், இரவு 10.30

கருத்துக் கேக்கிற கூட்டத்துக்குப் போய்ட்டு வந்தன். பிரிகேட் ஆக்கள் படம் போட்டுக் காட்டினவை, கலர் கலரா வரைபடம், பரோ பரோவா நேரம். கதிரை போதாமல் சனம் சுவரோட நிண்டது. நானும் கையை உயத்திக் கேட்டன், என்ர இங்கிலீசில. பரோவுக்கு சராசரி சரி, என்ர தெருவுக்கு எவ்வளவு கூடும்? வார்டு வாரியா அட்டவணை இருக்கு, பாருங்கோ எண்டினம். பாத்தன், கூடுது. ஆனா 6 நிமிச இலக்குக்கு லண்டன் முழுக்கச் சேத்துப் பாத்தாச் சரியாம். எனக்குப் பக்கத்தில நிண்ட ஒரு வயசுபோன வெள்ளைக்கார மனிசி, "நாங்கள்தான் அந்தச் சராசரியைத் தாங்கிறம்" எண்டு மெல்லமாச் சொன்னா. அவவுக்கு நான் எங்கட வடைக் கதையைச் சொல்லிச் சிரிக்க வச்சனான்.

கார்த்தி_ஈஸ்ட்ஹாம் | 14 செப்டம்பர் 2013, இரவு 9.12

இழைய மேல கொண்டு வரேன். இறுதித் திட்டத்துக்கு மேயர் மறுபடி உத்தரவு போட்டு வாங்கிட்டாரு. 12ல கிளாப்பமும் நியூ குரோஸும் தப்பிச்சது, மிச்சம் 10 மூடுறாங்க. வண்டி 14 போகுது. வேலை மட்டும் 520ல இருந்து 552 ஆகிடுச்சு. லூசியம் அக்காவுக்கு பாதி வெற்றி. சில்வர்டவுன் லிஸ்ட்ல அப்படியே இருக்கு, சாரிக்கா.

லூசியம்_அக்கா | 21 டிசம்பர் 2013, காலை 8.05

ஏழு கவுன்சில் சேந்து ஹைகோர்ட்டுக்குப் போனதும் தோத்திட்டுது. கம்டன், கிரீனிச், ஹாக்னி, இஸ்லிங்டன், லூசியம், சதக், டவர் ஹம்லட்ஸ். ஆஸ்பத்திரி வழக்கில வெண்ட சந்தோசத்தில இதுவும் வெல்லும் எண்டு இருந்தம்.

தேம்ஸ்_மாமா | 21 டிசம்பர், காலை 9.50

லிஸ்டில எங்கட நியூஹாம் இல்லையே பிள்ளை. ரெண்டு தரம் வாசிச்சன்.

சில்வர்டவுன்_சுதா | 9 ஜனவரி 2014, மத்தியானம் 12.15

காலமை 9.30க்கு மூடினவை. வேலைக்குப் பிந்தி வாறன் எண்டு சொல்லிப்போட்டு இளையவனையும் கூட்டிக்கொண்டு போனன். ஒரு அம்பது பேர் வரும், சிலர் அழுதினம், கனபேர் கை தட்டினம். அவங்கள் தங்கட தொப்பி, பூட்ஸ், கோப்பைகூட பெட்டியில கட்டிக்கொண்டு போனாங்கள். ஒருத்தர் கேத்திலைத் தனியக் கையில வச்சிருந்தார். கடைசியா வண்டி வெளிய வந்தது, சைரன் போடேல்லை, நீல லைட் மட்டும். இளையவன் கேட்டான், நெருப்பு எங்க அம்மா எண்டு. கதவு இறங்கேக்க பாதியில மாட்டிக்கொண்டு நிண்டுது, உள்ள நிண்டவர் காலால ஒரு உதை விட்டார், பிறகுதான் இறங்கினது.

இனி பிளேஸ்டோவில இருந்தும் ஈஸ்ட்ஹாமில இருந்தும்தான் வரவேணும். போன மாசம் அதே ஆக்கள் வந்து எங்கட பிளாட்டில ரெண்டு அலாரம் பூட்டிவிட்டவை, கணக்கன் அண்ணை சொன்னபடி போன் அடிச்சுக் கேட்டனான்.

கார்த்தி_ஈஸ்ட்ஹாம் | 9 ஜனவரி, மத்தியானம் 12.40

மனசுக்கு கஷ்டமா இருக்குக்கா. எனக்கும் நேத்து மாட்டிட்டுப் போனாங்க. அதுக்கு 9 வோல்ட் பேட்டரி ஸ்பேர் வாங்கி வச்சுக்கணுமா?

கணக்கன் | 9 ஜனவரி, மத்தியானம் 1.05

அது பத்து வருசப் பற்றரி தம்பி, கழட்டேலாது.

லூசியம்_அக்கா | 9 ஜனவரி, மத்தியானம் 1.07

பை கட்டாட்டிக் காணும்.